மின்னஞ்சல் எங்கே நின்றது?

"அனுப்பிட்டேன் சார், என் சென்ட் ஐட்டம்ஸ்ல இருக்கு" என்பார் ஒருவர். "எனக்கு வரலையே" என்பார் இன்னொருவர். இந்தப் பேச்சு நடக்காத அலுவலகம் இல்லை. பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மைதான். சென்ட் பெட்டியில் ஒரு மெயில் இருந்தால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான்: அனுப்பியவருடைய நிறுவனத்தின் சர்வர் அதை வாங்கிக்கொண்டது. அதற்கு அப்பால் என்ன நடந்தது என்பதைப் பற்றி அந்தப் பெட்டிக்கு ஒன்றும் தெரியாது.

அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே சில சர்வர்கள், ஒரு முகவரி அட்டவணை, இரண்டு மூன்று சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. மெயில் அவற்றில் எங்கோ நின்றிருக்கிறது. எங்கே நின்றது, ஏன் நின்றது என்பது அநேகமாக எப்போதும் எங்காவது எழுதப்பட்டிருக்கும். மின்னஞ்சலை வடிவமைத்தவர்கள் தோல்வியையும் ஒரு செய்தியாக நினைத்து வடிவமைத்தார்கள். அந்தச் செய்தியைப் படிக்கக் கற்றுக்கொண்டால் ஐடி பிரிவுக்குப் போன் போடுவதற்கு முன்பே பாதிப் பிரச்சினைகளுக்கு விடை தெரிந்துவிடும்.

இரண்டு சர்வர்கள் பேசிக்கொள்வது

அமெரிக்காவின் பிபிஎன் நிறுவனத்தில் வேலை பார்த்த ரே டாம்லின்சன் 1971-இல் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு முதல் மெயிலை அனுப்பினார். பெயரையும் கணினியையும் பிரிக்க @ குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். பதினோரு ஆண்டு கழித்து, 1982-இல், ஜான் போஸ்டல் எஸ்எம்டிபி என்ற விதிமுறையை எழுதி வெளியிட்டார். இன்று நாம் அனுப்பும் மெயில்கள் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொரு நிறுவனத்துக்குப் போவது அந்த விதிகளின் அடிப்படையில்தான்.

அதன்படி அனுப்பும் சர்வர் முதலில் @ குறிக்குப் பின்னால் உள்ள பெயரை எடுத்துக்கொண்டு, டிஎன்எஸ் என்னும் இணைய முகவரி அட்டவணையில் தேடும். இந்தப் பெயருக்கு வரும் மெயிலை எந்த சர்வர் வாங்குகிறது என்று அங்கே ஒரு பதிவு இருக்கும். அதற்கு எம்எக்ஸ் பதிவு என்று பெயர். அந்த சர்வரைத் தொடர்பு கொண்டதும் பேச்சு தொடங்கும்.

பெறும் சர்வர் 220 என்று சொல்லும்: தயார். அனுப்பும் சர்வர் தன் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கும். பதில் 250: சரி. "இன்னாரிடமிருந்து வருகிறது." 250. "இன்னாருக்குப் போக வேண்டும்." 250. "உள்ளடக்கம் தரட்டுமா?" 354: தா, முடித்ததும் ஒரு வரியில் ஒற்றைப் புள்ளி வை. மெயில் முழுவதும் வரி வரியாகப் போகும். கடைசியில் தனி வரியில் ஒரு புள்ளி. பதில் மறுபடி 250.

அந்தக் கடைசி 250-இல்தான் மின்னஞ்சலின் அறமே இருக்கிறது. அந்த எண்ணைச் சொன்ன நொடியிலிருந்து மெயிலுக்குப் பொறுப்பு பெறும் சர்வருடையது. ஒன்று உரியவரிடம் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் சேர்க்க முடியவில்லை என்று அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் தொலைத்துவிடக் கூடாது என்பது விதி. குப்பை மெயில் பெருகிய பிறகு இந்த விதியைப் பல சர்வர்கள் தளர்த்திக்கொண்டன என்றாலும் அடிப்படை அப்படியேதான் இருக்கிறது.

நான்கும் ஐந்தும்

அந்தப் பேச்சில் எந்த இடத்திலும் பெறும் சர்வர் மறுக்கலாம். மறுப்பு எண்ணின் முதல் இலக்கத்தை மட்டும் கவனித்தாலே போதும். 4-இல் தொடங்கினால் "இப்போது முடியாது, பிறகு வா". 5-இல் தொடங்கினால் "முடியாது, திரும்பத் திரும்ப வந்து பயனில்லை".

நான்கு வந்தால் அனுப்பும் சர்வர் மெயிலை வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி முயலும். குறைந்தது முப்பது நிமிட இடைவெளி விட வேண்டும், நான்கைந்து நாளாவது முயன்று பார்க்க வேண்டும் என்று விதிமுறை பரிந்துரைக்கிறது. ஒரே நாளில் கைவிடும் சேவைகளும் உண்டு. "காலையில் அனுப்பியது சாயங்காலம் வந்தது" என்பதற்கு இதுவே வழக்கமான காரணம். சில சர்வர்கள் அறிமுகமில்லாத இடத்திலிருந்து வரும் முதல் மெயிலை வேண்டுமென்றே 4 சொல்லித் திருப்பும். குப்பை மெயில் அனுப்பும் நிரல்கள் பல திரும்பி வருவதில்லை. ஒழுங்கான சர்வர் திரும்பி வரும். கிரேலிஸ்டிங் என்ற இந்த முறையால் புது வாடிக்கையாளருக்கு அனுப்பும் முதல் மெயில் மட்டும் தாமதமாகும், அடுத்தவை உடனே போகும். இது தெரிந்திருந்தால் அதே மெயிலை நான்கு முறை அனுப்ப மாட்டோம்.

ஐந்து வந்தால் மெயில் திரும்பிவிடும். பவுன்ஸ் ஆகிவிட்டது என்கிறோமே, அது இதுதான். அந்த அறிவிப்பின் மேல்பகுதி பெரும்பாலும் மன்னிப்புக் கேட்கும் பொதுவான வாசகமாக இருக்கும். அதைத் தாண்டிக் கீழே போனால் புள்ளி வைத்துப் பிரித்த மூன்று எண்கள் கிடைக்கும். விடை அங்கேதான் இருக்கிறது.

5.1.1 என்றால் அந்த நிறுவனத்தில் அப்படி ஒரு பெயர் இல்லை. எழுத்துப் பிழையைப் பாருங்கள். பிழை இல்லையென்றால் அவர் வேலையை விட்டுப் போயிருக்கலாம். 5.1.2 என்றால் @ குறிக்குப் பின்னால் உள்ள பெயரில் கோளாறு. 5.2.2 என்றால் பெட்டி நிறைந்துவிட்டது. ஆள் இருக்கிறார், இடம் இல்லை, போன் செய்து சொல்லலாம். 5.3.4 என்றால் மெயில் அளவுக்கு மீறிப் பெரியது. 5.7.1 என்றால் அனுமதி இல்லை: குழு முகவரிக்கு வெளியாள் எழுதியிருக்கலாம், அல்லது உங்கள் சர்வரை அவர்கள் சந்தேகிக்கிறார்கள். இவற்றில் கடைசி ஒன்றுக்கு மட்டும்தான் பெரும்பாலும் ஐடி பிரிவு தேவைப்படும்.

அலுவலகங்களில் இந்த அறிவிப்புகள் படிக்காமலேயே அழிக்கப்படுகின்றன. "ஏதோ எரர் வந்துச்சு" என்று வாயால் சொல்வதற்கும் அந்த மூன்று எண்களோடு முழு அறிவிப்பையும் அனுப்பி வைப்பதற்கும் இடையே பல நேரம் அரை நாள் உழைப்பு வித்தியாசம் இருக்கிறது.

கீழிருந்து மேலே படிக்க வேண்டிய வரலாறு

மெயில் திரும்பவும் இல்லை, ஆனால் மூன்று மணி நேரம் தாமதமாக வந்தது. யார் வைத்திருந்தார்கள்? வந்த மெயிலுக்குள்ளேயே பதில் இருக்கிறது. ஜிமெயிலில் "ஒரிஜினலைக் காட்டு" என்ற தேர்வும், அவுட்லுக்கில் மெயிலின் பண்புகளும் அதன் தலைப்புப் பகுதியைத் திறந்து காட்டும். அங்கே "ரிசீவ்ட்" என்று தொடங்கும் வரிகள் அடுக்கடுக்காக இருக்கும்.

மெயிலைத் தொட்ட ஒவ்வொரு சர்வரும் யாரிடமிருந்து எத்தனை மணிக்கு வாங்கினேன் என்று ஒரு வரி எழுதி, ஏற்கெனவே உள்ள வரிகளின் தலைமேல் வைக்கும். எனவே பயணம் தொடங்கிய இடம் அடியில், முடிந்த இடம் உச்சியில். கீழிருந்து மேலே படித்துக்கொண்டு போங்கள். அடி வரியில் 10:02, அடுத்ததில் 10:02, அதற்கு மேல் 13:07 என்று இருந்தால், இரண்டாவது சர்வரில்தான் மெயில் காத்துக் கிடந்தது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஒவ்வொரு நேரத்துக்கும் பின்னால் +0530, -0700 என்று ஒரு எண் இருக்கும். அந்த சர்வர் எந்த நேர வலயக் கணக்கில் எழுதியது என்பது அது. 14:30 +0530 என்பதும் 02:00 -0700 என்பதும் ஒரே கணம். இதைக் கழிக்காமல் படித்துப் பன்னிரண்டரை மணி நேரத் தாமதம் என்று புகார் எழுதுபவர்கள் உண்டு. இன்னொரு எச்சரிக்கை: உங்கள் சர்வர் எழுதிய உச்சி வரிகளை நம்பலாம், அடி வரிகளை மோசடி மெயில் அனுப்புபவன் தானே எழுதி வைத்திருக்க முடியும்.

இருபது எம்பி இருபத்தேழு ஆவது எப்படி

எஸ்எம்டிபி பிறந்தபோது ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளுமாக 128 எழுத்துக்குறிகளை மட்டுமே தூக்கிச் செல்லும்படி அமைந்தது. படம், ஒலி, தமிழ் எதற்கும் அதில் இடமில்லை. 1992-இல் நதேனியல் போரென்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் வெளியிட்ட மைம் என்ற விதிமுறை அந்தக் குறுகிய வாசலுக்குள் எதையும் நுழைக்க வழி சொன்னது. அதன் ஒரு உத்தி பேஸ்64: எந்தக் கோப்பையும் மூன்று மூன்று பைட்டாக எடுத்து, ஒவ்வொரு மூன்றையும் நான்கு சாதாரண எழுத்தாக மாற்றுவது.

மூன்று நான்காவதால் கோப்பு மூன்றில் ஒரு பங்கு வீங்குகிறது. 20 எம்பி கோப்பு பயணத்தில் ஏறத்தாழ 27 எம்பி. பெறும் சர்வர் 25 எம்பிக்கு மேல் வாங்காது என்றால் 5.3.4 வந்துவிடும். "லிமிட் 25 தானே, என் ஃபைல் 20 தானே" என்ற குழப்பத்துக்கு விடை இதுதான். வரம்பில் நான்கில் மூன்று பங்குதான் உங்கள் கோப்புக்கு உரியது. அதிலும் கொஞ்சம் விட்டுப்பிடிப்பது நல்லது.

இந்தக் கணக்கில் தமிழுக்கு ஒரு தனி அழகு உண்டு. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மிகச் சரியாக மூன்று பைட். பேஸ்64 மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்குகிறது. எனவே ஒரு தமிழ்க் குறிக்கு நான்கு எழுத்து. "அ" என்பது பயணத்தில் "4, கே, 6, எஃப்" ஆகும். "க" என்பது "4, கே, 6, வி". புள்ளி என்பது "4, கே, கூட்டல் குறி, என்". தமிழ் ஒருங்குறிப் பட்டியல் முழுவதும் பக்கத்துப் பக்கத்து எண்களில் இருப்பதால், எந்தத் தமிழ்ச் சொல்லை எடுத்தாலும் ஒவ்வொரு நான்கெழுத்துத் துண்டும் "4 கே 6" என்றோ "4 கே கூட்டல்" என்றோதான் தொடங்கும். "அம்மா" ஐந்து குறி, இருபது எழுத்து.

இதனால் கையோடு ஒரு பரிசோதனை கிடைக்கிறது. மெயிலின் பொருள் வரியோ கோப்பின் பெயரோ உருத்தெரியாமல் வந்து, அதில் "4 கே 6" திரும்பத் திரும்பத் தென்பட்டால், நிம்மதி அடையலாம்: தமிழ் சேதமில்லாமல் வந்திருக்கிறது, பெறும் மென்பொருள் அதைப் பிரித்துக் காட்டவில்லை, அவ்வளவுதான். வேறு செயலியில் திறந்தால் தெரியும். மாறாக, தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும், வட்டத்துக்குள் ஆர் இருக்கும் வணிகப் பதிவுக் குறியும் மாறி மாறி வந்தால், பிரித்தாகிவிட்டது, ஆனால் யூடிஎஃப்-8 என்று தெரியாமல் ஐரோப்பிய எழுத்தாகப் படித்திருக்கிறது. எழுத்துக் குறியாக்கத்தை மாற்றிப் பார்த்தால் பல நேரம் தமிழ் மீண்டுவிடும். வெறும் கேள்விக்குறிகளாக வந்திருந்தால் வழியில் யாரோ எழுத்தையே அழித்துவிட்டார்கள். மறுபடி அனுப்பச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

உறையும் கடிதமும்

தபாலில் உறைமேல் ஒரு முகவரி, உள்ளே கடிதத்தின் தலையில் ஒரு முகவரி என்று இரண்டு இருக்கும். தபால்காரர் பார்ப்பது உறையை மட்டும். மெயிலிலும் அப்படித்தான். இரண்டு சர்வர்கள் பேசும்போது சொல்லிக்கொண்ட "இன்னாரிடமிருந்து, இன்னாருக்கு" என்பது உறை. நம் திரையில் தெரியும் பெயர்கள் கடிதத்துக்குள் எழுதியவை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று 1982-இன் விதி கேட்கவில்லை.

பிசிசி வேலை செய்வது இதனால்தான். பிசிசியில் போட்டவரின் பெயர் உறையில் மட்டும் இருக்கும், கடிதத்தில் இருக்காது. மோசடியும் இதே இடைவெளியில்தான் நுழைகிறது. உங்கள் மேலாளர் பெயரைக் கடிதத்தின் தலையில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். கைபேசித் திரையில் பெரும்பாலும் பெயர் மட்டுமே தெரிவதால், பெயரைத் தொட்டு முழு முகவரியைப் பார்க்கும் பழக்கம் நல்ல காப்பு.

இடைவெளியை அடைக்க மூன்று பூட்டுகள் பின்னால் வந்தன. எஸ்பிஎஃப்: எங்கள் பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வர்களுக்கு மட்டுமே உரிமை என்று நிறுவனம் டிஎன்எஸ் அட்டவணையில் எழுதி வைப்பது. டிகிம்: மெயிலின் மேல் கணித முத்திரை வைப்பது; வழியில் ஒரு எழுத்து மாறினாலும் முத்திரை உடைந்துவிடும். டிமார்க்: இவற்றில் ஒன்றாவது தேறி, கடிதத்தில் தெரியும் பெயரோடும் பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று அறிவிப்பது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு ஐயாயிரம் மெயிலுக்கு மேல் அனுப்பும் எவரும் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியது. யாஹூவும் மொத்தமாக மெயில் அனுப்புபவர்களுக்கு அதே கட்டாயத்தை விதித்தது.

"எங்க மெயில் எல்லாம் ஸ்பேமுக்குப் போகுது" என்று சிறு நிறுவனங்கள் வருந்துவதற்குப் பின்னால் இருப்பது பல நேரம் இதுதான். பில் அனுப்பப் புதிதாக ஒரு கணக்கு மென்பொருள் வாங்கியிருப்பார்கள். அது தன் சொந்த சர்வரிலிருந்து நிறுவனத்தின் பெயரில் மெயில் அனுப்பும். எஸ்பிஎஃப் பட்டியலில் அந்த சர்வரைச் சேர்க்க யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். சம்பந்தப்பட்ட மெயிலைத் திறந்து, தலைப்புப் பகுதியில் இந்த மூன்று பெயர்களுக்கு நேரே "பாஸ்" என்று இருக்கிறதா, "ஃபெயில்" என்று இருக்கிறதா என்று பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஐந்நூறு மைலுக்கு அப்பால் போகாத மெயில்

பிழை தேடுவது எப்படி என்பதற்கு ட்ரே ஹாரிஸ் 2002-இல் எழுதிய அனுபவத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. சுவைக்காகச் சில விவரங்களை மாற்றியிருப்பதாக அவரே சொல்லியிருக்கிறார். 1990-களின் நடுவில் அவர் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளியியல் துறைத் தலைவர் போன் செய்து, எங்கள் துறையிலிருந்து ஐந்நூறு மைலுக்கு மேல் மெயில் போகவில்லை என்றார்.

கேட்பதற்கு அபத்தம். ஆனால் அவர்கள் புள்ளியியலாளர்கள். சில நாள் தரவு சேகரித்து, எங்கே போகிறது, எங்கே போகவில்லை என்று வரைபடமே போட்டு வைத்திருந்தார்கள். ஹாரிஸ் தானே அனுப்பிப் பார்த்தார். நியூயார்க் போனது. பிராவிடன்ஸ் போகவில்லை. அவர்கள் சொன்னது சரி.

சர்வரைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. யாரோ இயங்குதளத்தைப் புதுப்பித்தபோது மெயில் நிரலின் பழைய பதிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. புதிய பதிப்புக்காக எழுதிய அமைப்புக் கோப்பு அதற்குப் புரியவில்லை. புரியாத இடங்களைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டது. எதிர்முனையின் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற எண்ணும் சுழியமாகிவிட்டது. அந்த இயந்திரத்தில் சுழியம் என்பது நடைமுறையில் மூன்று மில்லி விநாடிக்குச் சற்று அதிகம். மூன்று மில்லி விநாடியில் ஒளி ஏறத்தாழ 900 கிலோமீட்டர் போகும், அதாவது சுமார் 560 மைல். பதில் திரும்பி வரும் நேரத்தையும் கம்பியில் வேகம் குறைவதையும் சேர்த்தால் கணக்கு மாறும் என்றாலும், தொலைவுக்கும் தோல்விக்கும் இருந்த உறவை அது விளக்கிவிட்டது.

இதில் பாராட்டுக்குரியவர்கள் புகார் கொடுத்தவர்கள். "மெயில் சரியாகப் போகவில்லை" என்று அவர்கள் நிறுத்தவில்லை. எப்போது போகிறது, எப்போது போகவில்லை என்ற எல்லைக் கோட்டைத் தேடிப்பிடித்துச் சொன்னார்கள். நீங்களும் அதைச் செய்யலாம். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். கணினிச் செயலியில் வராதது பிரவுசரில் வருகிறதா? வந்தால் சர்வர் நலம், கோளாறு செயலியில். அலுவலக வைஃபையில் திறக்காதது கைபேசி டேட்டாவில் திறக்கிறதா? உங்களுக்கு மட்டுமா, பக்கத்து இருக்கைக்காரருக்குமா? ஒருவருக்கு மட்டும் போகவில்லையா, அவர் நிறுவனத்தில் யாருக்குமே போகவில்லையா? நீங்களே எப்போதோ போட்டு மறந்த விதி ஒன்று மெயிலை வேறு ஃபோல்டருக்குத் தள்ளுகிறதா? இந்தப் பதில்களோடு அனுப்பியவர், பெறுபவர், நேரம், பிழை எண் நான்கையும் எழுதிக் கொடுத்தால் ஐடி பிரிவு நண்பருக்குத் தேட வேண்டிய இடம் பத்தில் ஒன்றாகச் சுருங்கும்.

நாட்காட்டியும் பகிர்ந்த கோப்பும்

மெயிலோடு கூடவே வரும் மற்ற கருவிகளுக்கும் இதே தேடல்முறை பொருந்தும். நியூயார்க்கில் ஒருவர் வாராவாரம் காலை 9 மணிக்குக் கூட்டம் வைத்தால், குளிர்காலத்தில் சென்னையில் அது இரவு 7:30. மார்ச் மாத இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்கு வைத்ததும் நமக்கு மாலை 6:30 ஆகிவிடும். நாட்காட்டி சரியாகவே வேலை செய்கிறது: கூட்டம் எந்த ஊர்க் கடிகாரத்துக்குக் கட்டப்பட்டதோ அதைப் பின்பற்றுகிறது. நேர வலயங்கள் அரசுகளின் முடிவுகள் என்பதால் மாறவும் செய்யும். 2006 ஏப்ரலில் இலங்கை தன் கடிகாரத்தை அரை மணி பின்னுக்கு நகர்த்தி இந்திய நேரத்தோடு சேர்ந்தது. அந்த மாற்றத்தை அறியாத மென்பொருள் எதுவும் கொழும்பு நேரத்தை அரை மணி தவறாகத்தான் காட்டும். ஒருவருக்கு மட்டும் கூட்டம் தப்பினால் அவர் கணினியின் நேர வலயத்தையும் நிலுவையில் உள்ள அப்டேட்டையும் முதலில் பாருங்கள்.

பகிர்ந்த ஆவணத்தில் இருவர் ஒரே சமயம் எழுதினால் என்ன ஆகும்? "கூட்டம் நாளை" என்ற வரியில் ஒருவர் முன்னால் ஒரு சொல்லைச் சேர்க்கிறார். அதே நொடியில் மற்றவர் ஆறாவது இடத்தில் உள்ள எழுத்தை நீக்குகிறார். முதலாமவர் சேர்த்ததால் எல்லாமே நகர்ந்துவிட்டது; ஆறாவது இடத்தில் இப்போது வேறு எழுத்து. இரண்டாமவரின் கட்டளையை அப்படியே நிறைவேற்றினால் தப்பான எழுத்து போய்விடும். எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவைக் கூட்டித் திருத்திய பிறகே நிறைவேற்ற வேண்டும். எல்லிஸ், கிப்ஸ் இருவரும் 1989-இல் விளக்கிய இந்த உத்திதான் கூகுள் டாக்ஸின் அடியில் இருக்கிறது.

ஆனால் இது வேலை செய்ய, ஒவ்வொரு தட்டலும் சர்வருக்குத் தெரிய வேண்டும். இணையமில்லாத நேரத்தில் கணினியில் திறந்து திருத்திய எக்செல் கோப்பை சர்வர் முழுக் கோப்பாகவே பார்க்கிறது. இரண்டு பேர் இரண்டு விதமாகத் திருத்தியிருந்தால் எதையும் அழிக்கத் துணியாமல் இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒன்றின் பெயருக்குப் பின்னால் கணினியின் பெயரை ஒட்டிவிடும். "நான் போட்ட கணக்கைக் காணோம்" என்று யாராவது சொன்னால் அதே ஃபோல்டரில் அப்படி நீண்ட பெயரோடு ஒரு கோப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். அடுத்து அந்த ஆவணத்தின் பழைய பதிப்புகளைத் திறந்து பாருங்கள். எழுதியது பெரும்பாலும் பத்திரமாக இருக்கும்.

கேட்க வேண்டிய உரிமை

மின்னஞ்சலின் விதிகள் எல்லோரும் படிக்கத் திறந்து கிடக்கின்றன. பிழை எண்ணின் பொருளை ஒரு கல்லூரி மாணவியும் இலவசமாகத் தேடித் தெரிந்துகொள்ளலாம். கடந்த சில ஆண்டுகளில் அலுவலகப் பேச்சு மெயிலிலிருந்து அரட்டைச் செயலிகளுக்கும் காணொளிக் கூட்டங்களுக்கும் நகர்ந்திருக்கிறது. அவற்றில் பல "ஏதோ தவறு நடந்துவிட்டது, மீண்டும் முயலவும்" என்பதோடு முடித்துக்கொள்கின்றன. எங்கே, ஏன், பிறகு வரலாமா, வந்து பயனில்லையா என்பதற்குப் பதில் இல்லை. 1982-இன் சர்வர் இதைவிட மரியாதையாகப் பேசியது.

இன்று உலகம் பயன்படுத்தும் அலுவலக மென்பொருள்களில் கணிசமானவை சென்னையிலும் கோவையிலும் தென்காசியிலும் எழுதப்படுகின்றன. எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: உங்கள் நிரல் தோற்கும் இடத்தில் ஒரு எண்ணையும் ஒரு காரணத்தையும் பயனருக்குப் புரியும் மொழியில் வையுங்கள். பயன்படுத்துகிறவர்களுக்கு: அது இல்லாத மென்பொருளை வாங்கும் முன் ஏன் இல்லை என்று கேளுங்கள். அடுத்த முறை ஒரு மெயில் திரும்பி வந்தால் அழித்துவிடாமல் கடைசி வரி வரை படியுங்கள்.